மானிட்டோபாவின் 15ஆவது சட்டமன்றம் (1915–1920): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் புல்வெளி மாகாணங்களுள் ஒன்றான மானிட்டோபாவில் 1915 ஆகஸ்டில் தேர்ந்தெடுக்கப்பட்டு 1920 வரை நீடித்த சட்டமன்றத்தைப் பற்றிய கேள்விகளும் விடைகளும் இங்கே தரப்பட்டுள்ளன. பெண்களுக்கு வாக்குரிமை அளித்த முதல் கனடிய மாகாணம் என்ற பெருமையோடு மட்டுமே அந்த மன்றத்தை நினைவுகூர்வது வழக்கம். அதே மன்றம் அதே குளிர்காலத்தில் பல்லாயிரம் பிள்ளைகளின் தாய்மொழியைப் பள்ளியிலிருந்து வெளியேற்றியது என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த ஐந்தாண்டுகள் விளங்கும் என்பது இதை எழுதுபவரின் எண்ணம்.

“15ஆவது சட்டமன்றம்” என்றால் என்ன பொருள்?

மானிட்டோபா 1870 ஜூலை 15 அன்று கனடியக் கூட்டமைப்பில் மாகாணமாக இணைந்தது. அதன் பிறகு ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும் உருவான மன்றத்துக்கு வரிசை எண் இடப்பட்டது. தொடக்கத்தில் மேலவையும் இருந்தது. 1876இல் அது ஒழிக்கப்பட்டதால் நாம் பேசும் காலத்தில் ஓர் அவை மட்டுமே இருந்தது. அரசரின் பிரதிநிதியாகத் துணைநிலை ஆளுநர் இருந்தார். அவரது ஒப்புதல் இல்லாமல் எந்த மசோதாவும் சட்டமாகாது. பெயரளவுக்கானதாகத் தோன்றும் இந்த ஏற்பாடு இந்தக் கதையில் இரண்டு இடங்களில் போக்கையே மாற்றுகிறது.

14ஆவது சட்டமன்றம் ஓராண்டிலேயே ஏன் முடிந்துபோனது?

1900 முதல் முதல்வராக இருந்த கன்சர்வேட்டிவ் தலைவர் ராட்மண்ட் ராப்ளின் 1914 ஜூலைத் தேர்தலில் குறைந்த பெரும்பான்மையோடு மீண்டும் வென்றார். அப்போது வின்னிப்பெக் நகரில் புதிய சட்டமன்றக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. ஒப்பந்தம் தாமஸ் கெல்லியின் நிறுவனத்திடம் இருந்தது. கட்டடத்தின் கனத்தைத் தாங்க முளைகளை இறக்குவதாக இருந்த முதல் திட்டம் கைவிடப்பட்டு, பாறை தட்டும் வரை கிணறுபோல் தோண்டி கான்கிரீட் நிரப்பும் கெய்சன் அடித்தளம் போடுவதென்று முடிவானது. தரைக்கு அடியில் நடக்கும் வேலையை வெளியிலிருந்து யாரும் அளந்து பார்க்க முடியாது என்பது ஊழலுக்கு வசதியாகப் போயிற்று. போடாத கான்கிரீட்டுக்கும் உயர்த்தி எழுதிய அளவுகளுக்கும் அரசுப் பணம் கொடுக்கப்பட்டது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி ஆளுங்கட்சியின் தேர்தல் நிதிக்குத் திரும்பி வந்தது.

1915ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சட்டமன்றத்தின் பொதுக் கணக்குக் குழுவில் லிபரல் உறுப்பினர்கள், குறிப்பாக வழக்கறிஞர் ஆல்பர்ட் ஹட்சன், கணக்குகளைத் துருவத் தொடங்கினார்கள். அடித்தள வேலையை மேற்பார்த்த ஆய்வாளர் சாட்சி சொல்ல வராதபடி மாகாணத்துக்கு வெளியே அனுப்பி வைக்கப்பட்டிருந்தார். குழுவில் ஆளுங்கட்சிக்கே பெரும்பான்மை என்பதால் அறிக்கை அரசுக்குச் சாதகமாகவே வந்தது. எனவே எதிர்க்கட்சியினர் துணைநிலை ஆளுநர் டக்ளஸ் கேமரனிடம் நேரடியாக முறையிட்டார்கள். வழக்கமாக முதல்வரின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டிய ஆளுநர், இம்முறை அரச விசாரணை ஆணையம் அமைத்தே ஆக வேண்டும் என்று முதல்வரை வற்புறுத்தினார். நீதிபதி மேதர்ஸ் தலைமையில் ஆணையம் அமைந்து சாட்சியங்கள் வெளிவரத் தொடங்கிய சில வாரங்களிலேயே, 1915 மே 12 அன்று, ராப்ளின் பதவி விலகினார். மாகாணம் எட்டு லட்சம் டாலருக்கும் மேல் கூடுதலாகக் கொடுத்திருந்தது பின்னர் தெரிய வந்தது. அமெரிக்காவுக்குச் சென்றுவிட்ட கெல்லி அங்கிருந்து கொண்டுவரப்பட்டு, குற்றம் உறுதியாகிச் சிறை சென்றார். ராப்ளின் மீதும் அவரது அமைச்சர்கள் சிலர் மீதும் தொடுக்கப்பட்ட வழக்கில் ஜூரிகள் ஒரு முடிவுக்கு வரவில்லை. பின்னர் அந்த வழக்கு கைவிடப்பட்டது.

1915 தேர்தலின் முடிவு என்ன?

லிபரல் தலைவர் டோபியாஸ் நோரிஸ் முதல்வராகப் பதவியேற்ற கையோடு மன்றத்தைக் கலைக்கச் செய்து மக்களிடம் சென்றார். 1915 ஆகஸ்ட் 6 அன்று நடந்த வாக்குப்பதிவில் லிபரல்கள் 40 இடங்களைப் பிடித்தார்கள். முந்தைய ஆண்டு ஆட்சி அமைத்த கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 5 இடங்களே மிஞ்சின. அவற்றிலும் பெரும்பாலானவை பிரெஞ்சு மொழியினர் மிகுந்த தொகுதிகள். அக்கட்சியின் புதிய தலைவர் ஜேம்ஸ் எய்கின்ஸ் பிராண்டன் நகரத்தில் தோற்றுப்போனதால் மன்றத்தில் எதிர்க்கட்சிக்குத் தலைமை தாங்கும் பொறுப்பு ஆல்பர்ட் பிரெஃபோன்டேனிடம் சென்றது. தேர்தலில் தோற்ற எய்கின்ஸ் மறு ஆண்டே துணைநிலை ஆளுநராக நியமிக்கப்பட்டார். அந்த நியமனம் நாட்டின் தலைநகர் ஒட்டாவாவில் இருந்த கன்சர்வேட்டிவ் மத்திய அரசின் கையில் இருந்தது. ஆக, தம்மைத் தோற்கடித்த கட்சியின் மசோதாக்களுக்கே அவர் 1922 வரை ஒப்புதல் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார்.

வின்னிப்பெக் நகரத்திலிருந்து சுயேச்சையான ஃப்ரெட் டிக்சனும், சமூக ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த தொழிற்சங்கத் தலைவர் ரிச்சர்ட் ரிக்கும் வந்தார்கள். கிம்லி தொகுதியில் சுயேச்சை லிபரலாக வென்ற தராஸ் ஃபெர்லி, கனடாவின் மாகாணச் சட்டமன்றம் ஒன்றில் இடம்பெற்ற முதல் உக்ரேனியர்களுள் ஒருவர். எண்ணிக்கையில் சிறியவர்களான இவர்கள் விவாதங்களில் பெரிய பங்கு வகித்தார்கள்.

நோரிஸும் அவரது அமைச்சரவையும் எத்தகையவர்கள்?

நோரிஸ் ஒண்டாரியோவில் பிறந்து மேற்கே குடியேறிய விவசாயி. கிராமப்புறங்களில் ஏலம் விடும் தொழிலில் பெயர் பெற்றவர். 1910 முதல் கட்சித் தலைவர். பேச்சாற்றலைவிட நிதானத்துக்காக அறியப்பட்டவர். ஊழலை அம்பலப்படுத்திய ஹட்சன் சட்டத்துறையை ஏற்றார். பிற்காலத்தில் அவர் கனடாவின் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். பொதுப்பணித்துறை ஐஸ்லாந்தில் பிறந்த தாமஸ் ஜான்சனிடம் சென்றது. 1917இல் ஹட்சன் விலகியபின் சட்டத்துறையும் அவரிடம் வந்தது. நிதிக்கு எட்வர்ட் பிரவுன், கல்விக்கு மருத்துவரான ராபர்ட் தார்ன்டன், விவசாயத்துக்கு வேலன்டைன் விங்க்லர்.

இவர்களுடைய வேலைத்திட்டம் 1914 வசந்தத்தில் நடந்த கட்சி மாநாட்டிலேயே தயாராகியிருந்தது. பெண்கள் வாக்குரிமை, மதுவிலக்குக்கான பொது வாக்கெடுப்பு, கட்டாயக் கல்வி, மக்களே நேரடியாகச் சட்டம் இயற்றும் உரிமை ஆகியவை அதில் இருந்தன. மாநாட்டில் கொடுத்த வாக்குறுதிகளை வென்ற முதல் கூட்டத்தொடரிலேயே ஏறத்தாழ முழுமையாக மசோதாக்களாக்கிய அரசுகள் அரிது. இந்த விஷயத்தில் நோரிஸ் அரசுக்கு உரிய மதிப்பைக் கொடுக்கத்தான் வேண்டும்.

மன்றம் ஆண்டு முழுவதும் கூடியதா?

இல்லை. உறுப்பினர்களில் பலர் விவசாயிகள் என்பதால் நிலம் உறைந்து கிடக்கும் ஜனவரி முதல் மார்ச் வரையே கூட்டத்தொடர் நடக்கும். விதைப்புக்காலம் வருவதற்குள் எல்லோரும் ஊர் திரும்பிவிடுவார்கள். 1916 ஜனவரி 6 அன்று தொடங்கிய முதல் கூட்டத்தொடரும் மார்ச்சில் முடிந்தது. அந்த இரண்டு மாதத்தில் நிறைவேறியவற்றின் கனம்தான் வியப்பைத் தருகிறது.

பெண்கள் வாக்குரிமைச் சட்டம் எப்படி நிறைவேறியது?

சட்டமன்றம் கொடுத்த வரம் என்று இதைச் சொல்வது தவறு. மானிட்டோபாவில் குடியேறிய ஐஸ்லாந்துப் பெண்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இந்தக் கோரிக்கையை எழுப்பினார்கள். மார்கிரேத் பெனடிக்ட்சன் தம் தாய்மொழியில் நடத்திய பத்திரிகை 1898 முதல் 1910 வரை இதற்காக வாதாடியது. 1912இல் வின்னிப்பெக்கில் அரசியல் சமத்துவ லீக் தொடங்கப்பட்டது. நெல்லி மெக்லங், பத்திரிகையாளர்களான லிலியன் பெய்னன் தாமஸ், அவரது தங்கை ஃபிரான்சிஸ் பெய்னன், விவசாயச் செய்தியாளர் கோரா ஹிண்ட் முதலியோர் அதில் இருந்தனர். டிக்சனைப் போன்ற ஆண்களும் உடன் நின்றார்கள்.

1914 ஜனவரி 27 அன்று இவர்கள் தூதுக்குழுவாகச் சென்று ராப்ளினைச் சந்தித்தார்கள். அவர் மறுத்தார். மறுநாள் இரவு வாக்கர் அரங்கில் ஒரு மாதிரி நாடாளுமன்றம் நடந்தது. அதில் பெண்களே ஆட்சி செய்கிறார்கள். ஆண்கள் வாக்குரிமை கேட்டு வந்து நிற்கிறார்கள். முதல்வராக நடித்த மெக்லங், முந்தைய நாள் ராப்ளின் காட்டிய தோரணையையும் சொன்ன காரணங்களையும் அப்படியே ஆண்கள்மீது திருப்பிவிட்டார். கூட்டம் சிரித்துத் தீர்த்தது. ஒரு வாதத்தை மறுத்துப் பேசுவதைக் காட்டிலும் அதை இடம் மாற்றி வைத்துக் காட்டினால் அதன் பொருந்தாமை எவருக்கும் புரிந்துவிடும் என்பதை அந்த இரவு நிரூபித்தது.

ஆட்சி மாறியபின் நோரிஸ், பெண்களிடையே இதற்கு ஆதரவு இருப்பதைக் கையெழுத்துகளால் காட்டும்படி கேட்டார். 1915 டிசம்பரில் 39,584 பெயர்கள் கொண்ட மனு அவரிடம் கொடுக்கப்பட்டது. அதோடு தனியாக இன்னொரு மனுவும் வந்தது. தொண்ணூறு வயதைக் கடந்த அமேலியா பரிட் என்ற மூதாட்டி தாமே திரட்டிய 4,250 கையெழுத்துகள் அதில் இருந்தன.

இதற்குப் பிறகும் ஒரு சிக்கல் எழுந்தது. தயாரான மசோதா வரைவில் பெண்கள் வாக்களிக்கலாம் என்று இருந்ததே தவிர, சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படலாம் என்று இல்லை. இதை லிலியன் தாமஸ் கண்டறிந்தார். அந்த நேரத்தில் பிராண்டனில் தானிய விவசாயிகளின் ஆண்டு மாநாடு நடந்துகொண்டிருந்தது. திருத்தம் வராவிட்டால் விஷயம் அந்த மேடையில் வெளிப்படையாகப் பேசப்படும் என்ற எச்சரிக்கை அரசுக்குப் போயிற்று. விவசாயிகளைப் பகைத்துக்கொள்ள எந்தப் புல்வெளி அரசும் துணியாது. வரைவு திருத்தப்பட்டது. என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றில் மிகவும் கூர்ந்து கவனிக்க வேண்டிய நிகழ்ச்சி இதுவே: கையெழுத்து வாங்கிக் கொடுத்ததோடு நின்றுவிடாமல், மசோதாவின் வாசகத்தை வரி வரியாகப் படித்ததால்தான் உரிமை முழுமையாகக் கிடைத்தது.

ஜனவரி 27 அன்று மன்றத்தில் மசோதாவின் இறுதிக் கட்டமான மூன்றாம் வாசிப்பு எதிர்ப்பின்றி முடிந்தது. 1916 ஜனவரி 28 அன்று ஆளுநர் ஒப்புதல் அளித்தார். வாக்கர் அரங்கின் அந்த இரவுக்குப் பின் சரியாக இரண்டு ஆண்டுகள். சஸ்காச்செவன் அதே ஆண்டு மார்ச்சிலும் ஆல்பர்ட்டா ஏப்ரலிலும் பின்தொடர்ந்தன. கியூபெக் பெண்கள் மாகாண வாக்குரிமைக்கு 1940 வரை காத்திருந்தார்கள்.

அப்படியானால் மானிட்டோபாவின் எல்லாப் பெண்களும் வாக்குரிமை பெற்றார்களா?

இல்லை. பூர்வகுடிகளை ‘இந்தியர்’ என்று அழைத்த கூட்டாட்சி அரசின் இந்தியர் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற முதற்குடி மக்கள், ஆணாயினும் பெண்ணாயினும், மாகாண வாக்காளர் பட்டியலுக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தார்கள். அந்தத் தடை மானிட்டோபாவில் 1952இல்தான் நீங்கியது. எந்த நிலத்தின் பூர்வகுடிகளைப் பற்றிப் பேசுகிறோமோ அவர்கள் விலக்கப்பட்ட நிலையில், “முதல் மாகாணம்” என்ற பட்டத்தைச் சொல்லும்போதெல்லாம் இந்த 36 ஆண்டு இடைவெளியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பள்ளிகளில் இருமொழிக் கல்வி ஏன் ஒழிக்கப்பட்டது?

இதற்கு விடை சொல்லச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். 1870ஆம் ஆண்டின் மானிட்டோபா சட்டம் சட்டமன்றத்திலும் நீதிமன்றங்களிலும் ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் சம இடம் கொடுத்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் ஒண்டாரியோவிலிருந்து வந்து குவிந்த ஆங்கில மொழியினர் பெரும்பான்மையானதும், 1890இல் மாகாண அரசு பிரெஞ்சின் அலுவல் தகுதியை நீக்கியது. கத்தோலிக்கப் பள்ளிகளுக்கான பொது நிதியையும் நிறுத்தியது. கனடா முழுவதையும் உலுக்கிய இந்தப் பிரச்சினைக்கு 1896இல் பிரதமர் லாரியேவும் மானிட்டோபா முதல்வர் கிரீன்வேயும் ஓர் உடன்பாடு கண்டார்கள். அதன்படி ஒரு பள்ளியில் பத்துப் பிள்ளைகள் பிரெஞ்சையோ ஆங்கிலமல்லாத வேறு மொழியையோ தாய்மொழியாகக் கொண்டிருந்தால் அந்த மொழியிலும் ஆங்கிலத்திலும் இருமொழி முறையில் கற்பிக்க வேண்டும்.

அந்த உடன்பாட்டை எழுதியபோது முதன்மையாகப் பிரெஞ்சுக்காரர்களையே மனத்தில் வைத்திருந்தார்கள். ஆனால் அதன்பின் வந்த பெருங்குடியேற்றம் “வேறு மொழி” என்ற சொல்லுக்கு எதிர்பாராத அகலத்தைக் கொடுத்தது. ஜெர்மன் பேசும் கிறித்தவப் பிரிவினரான மென்னோனைட்டுகள், போலந்தியர், அன்று ரூத்தேனியர் எனப்பட்ட உக்ரேனியர் எல்லோரும் அந்த உரிமையைக் கேட்டுப் பெற்றார்கள். கல்வித்துறையின் ஆய்வறிக்கை பிரெஞ்சு இருமொழிப் பள்ளிகள் 126, ஜெர்மன் பள்ளிகள் 61, போலந்து அல்லது உக்ரேனியப் பள்ளிகள் 111 என்று கணக்கிட்டது. சில ஊர்களில் ஒரே வகுப்பறையில் இரண்டு மூன்று மொழியினர் தத்தம் மொழியைக் கேட்கும் நிலை இருந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் போதவில்லை. பல பிள்ளைகள் ஆங்கிலம் சரிவர அறியாமலே பள்ளியைவிட்டுச் சென்றார்கள். ஜான் டாஃபோவின் ஆசிரியத்துவத்தில் வந்த மானிட்டோபா ஃப்ரீ பிரஸ் நாளிதழ் இந்தக் குறைகளைத் தொடர் கட்டுரைகளாக வெளியிட்டுப் பொதுக் கருத்தைத் திரட்டியது.

கல்வி அமைச்சர் தார்ன்டன் 1916 மார்ச்சில் இருமொழிப் பிரிவை அடியோடு நீக்கினார். அதே தொடரில் 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கட்டாயப் பள்ளி வருகையும் சட்டமானது. பிராண்டனில் இருந்த ரூத்தேனிய ஆசிரியர் பயிற்சிப் பள்ளியும் மூடப்பட்டது. கட்டாயக் கல்வி நல்லது. ஆசிரியர் பற்றாக்குறை உண்மை. பொதுமொழி ஒன்று தேவை என்பதும் மறுக்க முடியாதது. ஆனால் ஆசிரியர்களைப் பயிற்றுவித்துச் சரிசெய்யக்கூடிய குறைகளுக்கு மருந்தாக மொழிகளையே வெளியேற்றியது சீர்திருத்தம் ஆகாது. முதல் உலகப் போர்க்காலத்தின் அச்சமும், “பிரித்தானியக் குடிமக்களை உருவாக்குவது” என்ற அன்றைய நம்பிக்கையும் சேர்ந்து, ஆறு வாரங்களுக்கு முன்பு உரிமையை அகலப்படுத்திய கைகளாலேயே இதைச் செய்ய வைத்தன. வாக்குரிமைக்காகப் போராடிய சீர்திருத்தக்காரர்களில் பலர் இரண்டையும் ஒரே முன்னேற்றத்தின் பகுதிகளாகவே கண்டார்கள் என்பது இன்று படிக்கும்போது மனத்தை உறுத்துகிறது.

மன்றத்தில் அதை யாரும் எதிர்க்கவில்லையா?

எதிர்த்தார்கள். லிபரல் உறுப்பினரான டால்பட் தம் கட்சி அரசையே எதிர்த்துப் பேசினார். ஃபெர்லி உக்ரேனியர் சார்பில் எதிர்த்தார். பிரெஃபோன்டேனும் மற்ற பிரெஞ்சு உறுப்பினர்களும் அவர்களோடு நின்றார்கள். 40 பேர் கொண்ட பெரும்பான்மைக்கு முன் அந்தக் குரல்கள் எடுபடவில்லை.

எதிர்ப்பு மன்றத்துக்கு வெளியே வேறு வடிவங்களை எடுத்தது. பிரெஞ்சுக் கனடியர்கள் அதே 1916இல் தங்களுக்கென ஒரு கல்விச் சங்கத்தை நிறுவி, சட்டம் தடுத்ததை ஊர்ப் பள்ளிகளில் ஓசையின்றித் தொடர்ந்தார்கள். ஆய்வாளர் வருகிறார் என்றால் பிள்ளைகள் பிரெஞ்சுப் புத்தகங்களை மறைத்துவைத்துவிட்டு ஆங்கிலப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்ட நினைவுகள் பல குடும்பங்களில் உண்டு. மென்னோனைட்டுகளில் பழமைப் பிடிப்புள்ள பிரிவினர் தங்கள் தனிப் பள்ளிகளை விட்டுக்கொடுக்க மறுத்து அபராதமும் சிறையும் ஏற்றார்கள். 1922 முதல் ஆயிரக்கணக்கானோர் மெக்சிகோவுக்கும், பின்னர் பராகுவேவுக்கும் குடிபெயர்ந்தார்கள். தாங்கள் பண்படுத்திய வளமான நிலத்தை விற்றுவிட்டுப் போனார்கள்.

மதுவிலக்கு?

1916 மார்ச் 13 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் மதுவிலக்கு வென்றது. ஜூன் 1 முதல் மதுக்கடைகள் மூடப்பட்டன. 1923இல் இன்னொரு வாக்கெடுப்பு அதை முடிவுக்குக் கொண்டுவந்து, அரசே மது விற்கும் முறையைத் தொடங்கிவைத்தது.

மக்களே நேரடியாகச் சட்டம் இயற்றும் சட்டம் என்ன ஆயிற்று?

1916இல் நிறைவேறிய முன்முயற்சி மற்றும் பொதுவாக்கெடுப்புச் சட்டம் டிக்சன் நெடுநாள் பரப்புரை செய்துவந்த கொள்கையின் பயன். முந்தைய தேர்தலில் பதிவான வாக்குகளில் 8 சதவீதத்துக்குக் குறையாத வாக்காளர்கள் கையெழுத்திட்டு ஒரு சட்டத்தை முன்மொழியலாம். சட்டமன்றம் அதை ஏற்காவிட்டால் மக்கள் வாக்கெடுப்புக்கு விட வேண்டும். வென்றால் அது சட்டமாகிவிடும். இது அரசமைப்புக்கு ஏற்றதா என்ற ஐயத்தால் அரசே நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டது. மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது. வழக்கு, அன்று கனடாவுக்கும் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1919இல் ஹால்டேன் பிரபு எழுதிய தீர்ப்பும் அதையே உறுதிசெய்தது.

காரணம் இதுதான்: கனடிய அரசமைப்பின்படி மாகாணம் தன் அரசமைப்பைத் திருத்திக்கொள்ளலாம், ஆனால் துணைநிலை ஆளுநர் பதவியைத் தொட முடியாது. ஆளுநரின் ஒப்புதல் இல்லாமல் மக்கள் வாக்கால் மட்டும் ஒரு சட்டம் உருவாகும் என்றால் அந்தப் பதவியின் அதிகாரம் பறிபோகிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஊழல் அரசை இறங்கவைத்த அதே பதவி, இப்போது மக்களின் நேரடி அதிகாரத்துக்குக் குறுக்கே நின்றது. கனடாவின் அரசமைப்புச் சட்டத்தைப் படிப்பவர்கள் இந்த வழக்கை இன்றும் எடுத்துப் படிக்கிறார்கள்.

உழைப்பாளர்களுக்கும் விவசாயிகளுக்கும் இந்த மன்றம் என்ன செய்தது?

1916இல் இயற்றப்பட்ட தாய்மார் உதவித்தொகைச் சட்டம் கனடாவிலேயே முதலாவது. கணவனை இழந்து பிள்ளைகளோடு தவித்த தாய்மார்களுக்குப் பிள்ளைகளை அனாதை இல்லத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வளர்க்க மாதந்தோறும் பணம் கிடைத்தது. அதே ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும், அரசு ஒப்பந்த வேலைகளில் நியாயக் கூலிக்கான சட்டமும் வந்தன. 1918இல் பெண் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கும் வாரியம் அமைந்தது. கணவன் தன் விருப்பப்படி வீட்டை விற்றுவிடாதபடி மனைவிக்கு அதில் உரிமை தரும் சட்டமும் அதே ஆண்டில் இயற்றப்பட்டது. பண்ணை வீட்டில் காலமெல்லாம் உழைத்த பெண்களுக்கு வாக்குச்சீட்டைவிட இது உடனடிப் பயன் தந்திருக்கும்.

விவசாயிகளின் பெருங்குறை கடன். நகர வங்கிகள் விதைப்புக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட காலத்துக்குக் கடன் தரத் தயங்கின. 1917இல் ஊரகக் கடன் சங்கங்களுக்கான சட்டம் வந்தது. சங்கத்தின் மூலதனத்தில் பாதியை உறுப்பினரான விவசாயிகளும், மீதியை மாகாண அரசும் உள்ளாட்சியும் சரிபாதியாகவும் போட்டார்கள். கடன் கொடுக்கப் பணம் திரட்ட 1920இல் மாகாணச் சேமிப்பு அலுவலகமும் திறக்கப்பட்டது. போர் முடிந்து கோதுமை விலை சரிந்தபோது இந்த அமைப்பு தள்ளாடியது உண்மை. ஆனாலும் கூட்டுறவுக் கடனை அரசே முன்னின்று தொடங்கிய துணிச்சல் குறிப்பிடத்தக்கது.

1919 வின்னிப்பெக் பொது வேலைநிறுத்தத்தின்போது சட்டமன்றம் என்ன செய்தது?

மன்றம் அப்போது கூட்டத்தில் இல்லை. வேலைநிறுத்தம் மே 15 அன்று தொடங்கி ஜூன் 26 வரை நீடித்தது. சுமார் 30,000 தொழிலாளர்கள் வேலையை விட்டு இறங்கினார்கள். முதலில் வெளிநடப்புச் செய்தவர்கள் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்த பெண்கள். தொலைபேசிச் சேவை 1908 முதல் மாகாண அரசின் உடைமை. ஆகவே நோரிஸ் அரசு நடுவர் மட்டுமல்லாமல் முதலாளியாகவும் இருந்தது. மே 31 அன்று போரிலிருந்து திரும்பிய படைவீரர்கள் ஆயிரக்கணக்கில் சட்டமன்றக் கட்டடத்துக்கு ஊர்வலமாகச் சென்று, தொழிலாளர் சார்பில் சங்கங்கள் முதலாளிகளோடு பேசும் கூட்டுப் பேர உரிமையைச் சட்டமாக்கும்படி முதல்வரிடம் கேட்டார்கள். நோரிஸ் அவர்களைப் பொறுமையாகச் சந்தித்தார், ஆனால் முடிவெடுக்கவில்லை. முன்கை ஒட்டாவாவுக்கும் நகரத்து முதலாளிகளின் குழுவுக்கும் சென்றது. ஜூன் 21 சனிக்கிழமை குதிரைப்படைக் காவலர்கள் கூட்டத்தில் சுட்டதில் இருவர் உயிரிழந்தார்கள்.

தலைவர்கள்மீது வழக்குத் தொடுக்க மாகாணச் சட்டத்துறை அமைச்சர் ஜான்சன் முன்வரவில்லை. மத்திய அரசின் பணத்தில்தான் அது நடந்தது. மாகாண அரசு நியமித்த ராப்சன் ஆணையம், புரட்சிச் சதி என்ற குற்றச்சாட்டை ஏற்காமல், விலைவாசியும் குறைந்த கூலியும் சங்கங்களை அங்கீகரிக்க மறுத்ததுமே காரணம் என்றது. வேலைநிறுத்தச் செய்தித்தாளில் எழுதியதற்காக ராஜத்துரோக அவதூறு வழக்கில் நிறுத்தப்பட்ட சட்டமன்ற உறுப்பினர் டிக்சன், வழக்கறிஞர் இல்லாமல் தாமே வாதாடி 1920 பிப்ரவரியில் விடுதலை பெற்றார். ஆறு வாரங்களும் தயங்கி நின்ற அரசை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதே வேளை, வழக்குப் போடுவதற்கும் சதிக் கதைக்கும் துணைபோகாத நேர்மையையும் மறைக்க முடியாது.

ஊழலில் சிக்கிய அந்தக் கட்டடம் எப்போது முடிந்தது?

லிவர்பூலைச் சேர்ந்த ஃபிராங்க் சைமன் வரைந்த கட்டடம், டிண்டால் சுண்ணாம்புக் கல்லால் எழுந்தது. பாரிஸ் சிற்பி ஜார்ஜ் கார்டே வார்த்த பொன்னிற இளைஞன் சிலை, ஒரு கையில் தீபமும் மறு கையில் கோதுமைக் கதிர்க்கட்டும் ஏந்தி, 1919 நவம்பரில் குவிமாடத்தின் உச்சியில் ஏற்றப்பட்டது. இந்த மன்றம் தன் கடைசிக் கூட்டத்தொடரை 1920 தொடக்கத்தில் புதிய அவையில் நடத்தியது. முறையான திறப்பு விழா, மாகாணத்தின் பொன்விழா நாளான 1920 ஜூலை 15 அன்று நடந்தது. அதற்குள் 15ஆவது மன்றம் கலைந்துவிட்டது.

அதன் முடிவு எப்படி வந்தது?

கலைவதற்கு முன் மன்றம் தேர்தல் முறையை மாற்றியது. வின்னிப்பெக் முழுவதும் 10 உறுப்பினர்களைக் கொண்ட ஒரே தொகுதியாகி, விருப்ப வரிசையில் வாக்களிக்கும் விகிதாசார முறை வந்தது. 1920 ஜூன் 29 தேர்தலில் லிபரல்கள் 55இல் 21 இடங்களையே பெற்றார்கள். வின்னிப்பெக்கில் டிக்சன் முதலிடம் பிடித்தார். வேலைநிறுத்தத்துக்காகச் சிறையில் இருந்த வில்லியம் ஐவன்ஸ், ஜான் குவீன், ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங் மூவரும் சிறையிலிருந்தபடியே வென்றார்கள். அதே நகரத்திலிருந்து எடித் ராஜர்ஸ் மாகாணத்தின் முதல் பெண் உறுப்பினரானார். வரைவில் விடுபட்டிருந்த அந்த ஒரு வரி திருத்தப்படாமல் போயிருந்தால் அவர் வேட்பாளராகவே நின்றிருக்க முடியாது. பெரும்பான்மை இழந்த நோரிஸ் 1922 வரை ஆட்சியில் நீடித்தார்; பிறகு விவசாயிகள் இயக்கம் ஆட்சிக்கு வந்தது.

இந்த மன்றம் இயற்றிய சட்டங்கள் செல்லுபடியாகுமா?

விந்தையான கேள்வியாகத் தோன்றினாலும் இது நீதிமன்றத்தில் எழுந்த கேள்வி. 1976இல் வின்னிப்பெக்கின் பிரெஞ்சுப் பகுதியான செயின்ட் பொனிஃபேஸில் ஜார்ஜ் ஃபாரஸ்ட் என்பவருக்கு, வண்டி நிறுத்தியதற்கான அபராதச் சீட்டு ஆங்கிலத்தில் மட்டும் கொடுக்கப்பட்டது. அவர் தொடுத்த வழக்கில், பிரெஞ்சின் தகுதியை நீக்கிய 1890ஆம் ஆண்டுச் சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்று கனடிய உச்ச நீதிமன்றம் 1979 டிசம்பர் 13 அன்று தீர்ப்பளித்தது. 1985இல் அதே நீதிமன்றம் இன்னும் ஒரு படி சென்று, 1890 முதல் ஆங்கிலத்தில் மட்டும் இயற்றப்பட்ட மானிட்டோபாச் சட்டங்கள் யாவும் செல்லாதவை என்றது.

அதாவது 15ஆவது மன்றம் இயற்றிய எல்லாமே, பெண்கள் வாக்குரிமைச் சட்டமும் இருமொழிப் பள்ளிகளை ஒழித்த சட்டமும் உட்பட, இயற்றப்பட்ட நாளிலிருந்தே குறையுடையவையாக இருந்தன. மாகாணம் சட்டமற்ற நிலைக்குத் தள்ளப்படக் கூடாது என்பதற்காக, மொழிபெயர்த்து மீண்டும் இயற்றத் தேவையான குறைந்தபட்சக் காலத்துக்கு அவற்றைத் தற்காலிகமாகச் செல்லுபடியாகும் என்று நீதிமன்றம் கருதிக்கொண்டது. நடப்பிலிருந்த சட்டங்களுக்கு 1988 இறுதி வரையும் மற்றவற்றுக்கு 1990 இறுதி வரையும் கெடு கிடைத்தது. அந்த ஆண்டுகளில் வின்னிப்பெக்கில் சட்ட மொழிபெயர்ப்பாளர்கள், தார்ன்டனின் மன்றம் பள்ளியிலிருந்து வெளியேற்றிய மொழியில், மானிட்டோபாவின் சட்டப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தார்கள்.